அரை ரகரம்

மொழியியல் துறையில் மொத்தம் ஏழு பேர் வேலை பார்த்தார்கள். அதில் ஆறு பேர் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. ஏழாவது ஆள் தற்காலிக விரிவுரையாளர் என்பதால் அவள் மட்டும் எல்லோரோடும் பேசியாக வேண்டியிருந்தது. இந்தப் பக்கத்து அறையில் கேட்ட வசவை அந்தப் பக்கத்து அறையில் சொல்லாமல் இருப்பதற்கே அவளுக்குப் பாதி ஆயுள் போய்விட்டது.

சண்டை நிலத்தகராறு அல்ல, பதவித்தகராறும் அல்ல. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு மொழியில், சில சொற்களின் தொடக்கத்தில் எத்தனை மெய்யெழுத்துகள் சேர்ந்து நின்றன என்பதுதான் தகராறு. நம்பாதவர்கள் ஒருமுறை அந்தத் துறையின் தேநீர் அறைக்குப் போய்ப் பார்க்கலாம். இரண்டு கெட்டில்கள் இருக்கும்.

தாய் என்று ஒரு மொழிக் குடும்பம் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் பெற்றவளை நினைத்துக் கும்பிட வேண்டாம், அந்த மக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. சமவெளி, மலை, ஆற்றங்கரை என்று பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் மொழிகள். மீனை ஓர் ஊரில் ‘ப்லா’ என்கிறார்கள், மலைக்கு அந்தப் பக்கம் ‘ப்யா’ என்கிறார்கள், இன்னோர் ஊரில் ஒரே போடாக ‘பா’ என்று முடித்துவிடுகிறார்கள். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இவை பிறந்த மூலமொழியில் அந்தச் சொல் ‘ப்ல்’ என்று தொடங்கியிருக்கும் என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றியதை எழுதும்போது அதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். இதை யாரும் காதால் கேட்டதில்லை, இது எங்கள் கணிப்பு மட்டுமே என்று அதற்கு அர்த்தம். அடக்கமான பழக்கம்தான். ஆனால் நட்சத்திரம் போட்டவர்கள் யாரும் அடக்கமாக இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

நம் நாக்குக்கு இது கொஞ்சம் சிரமமான தொழில். இரண்டு மெய்கள் சொல்லின் வாசலில் நெருக்கியடித்து நின்றால் ஓர் உயிரெழுத்தைக் கூட்டி வராமல் நமக்கு நிம்மதி கிடையாது. ஸ்கூலையே இஸ்கூல் ஆக்கியவர்கள் நாம். அப்படியிருக்க, அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் இரண்டோடு நிற்காமல் மூன்று மெய்களைக் கண்டுபிடித்தார். ‘ப்ட்ர்’. இளமையில் ஒரு மலைப் பள்ளத்தாக்கில் அலைந்து பத்துப் பன்னிரண்டு சொற்களைச் சேகரித்து, அங்கே கேட்ட ‘ப்ர்’ஐயும் அதே சொற்களில் மற்ற ஊர்களில் வரும் ‘ட்’ஐயும் ஒன்றாக்கி அவர் நிறுவிய கூட்டு அது. அதற்கு விருது வாங்கினார். அன்றிலிருந்து அவருக்கு மும்மெய்யார் என்று பெயர். எதிர் முகாமின் தலைவர், இரண்டுக்கு மேல் எந்த வாயும் தாங்காது, அது ‘ப்ர்’தான் என்று முப்பது கட்டுரை எழுதியவர். அவர் இருமெய்யார். இருவரும் ஒரே மின்தூக்கியில் ஏறுவதில்லை.

இந்த இரண்டு மலைகளுக்கு நடுவில் துறை எப்படி நொறுங்காமல் நின்றது என்றால், இயக்குநர் வகுத்த ஒரு வழக்கத்தால்தான். ஓர் அறிஞர் உயிரோடிருக்கும்வரை அவருடைய மெய்க்கூட்டை நீக்கக் கூடாது. சேர்க்கலாம். ஆகவே துறை பல வருஷமாகத் தயாரித்துவந்த மூலமொழி அகராதியில் கூட்டுகள் சேர்ந்துகொண்டே போயின. அந்த அகராதியின்படி பார்த்தால் அந்த ஆதி மக்கள் காலையில் ஒருவரையொருவர் நலம் விசாரித்து முடிப்பதற்குள் தாடை சுளுக்கி விழுந்திருப்பார்கள்.

அவளுடைய கணவர் பல் மருத்துவர். நாள் முழுக்க மற்றவர்கள் வாயைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு வீட்டிலும் அதே பேச்சு. அவள் ‘ப்ட்ர்’ என்று பயிற்சி செய்யும்போது, நாக்கு எங்கே போகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இந்தச் சொல்லுக்கு ஒரு கடைவாய்ப் பல்லாவது ஆட்டம் காணும் என்பார். மாமியாருக்கு அதெல்லாம் வேடிக்கை இல்லை. மருமகள் வேலை எப்போது நிரந்தரமாகும் என்று கேட்கிற உறவுக்காரர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் கல்யாணங்களுக்கே போவதை நிறுத்திவிட்டார். அதை ஒரு தடவைகூட அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய பாரமாக இருந்தது.

அந்த வருஷம் ஒருவழியாக நிரந்தரப் பணியிடத்துக்கு விளம்பரம் வந்தது. தேர்வுக் குழுவில் மூன்று பேர்: மும்மெய்யார், இருமெய்யார், இயக்குநர். வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை, அந்தத் துறையைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் விண்ணப்பிக்கமாட்டார்கள். போய் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருந்தாலே வேலை கிடைக்கும் என்பது வாசல் காவலருக்குக்கூடத் தெரிந்திருந்தது.

பாழாய்ப்போன நேரம், அப்போது பார்த்துத்தான் அவள் ஓர் உண்மையைக் கண்டுபிடித்துத் தொலைத்தாள்.

அகராதியை அச்சிட இருந்த அச்சகம், கடைசியில் பொருள்வாரியாக ஒரு சொற்பட்டியல் வேண்டும் என்று கேட்டது. மொழியியலாளர்கள் சொற்களை எப்போதும் ஒலிவாரியாகத்தான் அடுக்குவார்கள். அட்டவணையில் முதல் பத்தி ஒலி, நடுவில் ஊர் ஊராக வடிவங்கள், கடைசிப் பத்தியில் பொருள். அந்தக் கடைசிப் பத்தியை யாரும் படிப்பதில்லை. ஒரு மெய்க்கூட்டுக்காக இருபது வருஷம் சண்டை போட்டவர்களிடம் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டால், பார்த்துச் சொல்கிறேன் என்பார்கள். அவளும் அந்த ஜாதிதான். இப்போது அச்சகத்துக்காக முதல்முறையாகப் பொருள்வாரியாக அடுக்கினாள். மும்மெய்யாரின் ‘ப்ட்ர்’ சொற்கள் அத்தனையும் ஒரே இடத்தில் வந்து விழுந்தன. தறி, அதில் குறுக்கே ஓடும் நாடா, பாவு நூல், ஊடை நூல், மிதிகட்டை, நூல்கண்டு. எல்லாம் நெசவுச் சொற்கள். வயலில் ஒன்று இல்லை, அடுப்படியில் ஒன்று இல்லை, உடம்பில் ஒன்று இல்லை.

மும்மெய்யார் சொற்கள் சேகரித்த மேல்பள்ளத்தாக்கில் அவளும் தங்கியிருக்கிறாள். மேல்பள்ளத்தாக்கு ஆண்கள் தங்களுக்குள் பெண் எடுப்பதில்லை. பெண் எல்லாம் கீழ்ப்பள்ளத்தாக்கிலிருந்துதான் வரும், பெண்ணோடு அவளுடைய தறியும் வரும். தறியோடு தறியின் சொற்களும் வராமல் எங்கே போகும்? கீழ்ப்பள்ளத்தாக்குப் பேச்சில் பழைய ‘ட்’ எல்லாம் ‘ப்ர்’ ஆகிவிட்டது என்பது முதலாண்டு மாணவருக்குத் தெரிந்த சங்கதி. ஆக, அந்தச் சொற்களில் மூன்று மெய்யும் இல்லை, இரண்டும் இல்லை. மற்ற ஊர்களில் இன்றைக்கும் இருப்பதுபோல ஒற்றை ‘ட்’தான். மருமகள்கள் புகுந்த வீட்டுக்குக் கொண்டுவந்த சொற்களை எடுத்து, இவர்கள் ஆதி மூதாதையர் வாயில் திணித்திருக்கிறார்கள்.

அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இத்தனை வருஷத்தில் யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல், தானே தெரிந்துகொண்ட ஒரே விஷயம் அது. சந்தோஷம் ஒரு மணி நேரம் இருந்தது. பிறகு தேர்வுக் குழு ஞாபகத்துக்கு வந்தது.

மும்மெய்யாரிடம் மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவர் அறைக்குப் போய்ச் சொற்களை வரிசையாக எடுத்து வைத்தாள். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“எனக்குத் தெரியும்மா” என்றார் கடைசியில். “தெரிய வந்தப்போ விருது குடுத்து மூணு மாசம் ஆயிருந்துச்சு.”

“அப்புறம் ஏன் சார் சொல்லல?”

“யாரும் கேக்கல. அவன் ரெண்டுன்னு கத்தினான், நான் மூணுன்னு கத்தினேன். ஒண்ணான்னு ஒருத்தரும் கேக்கல.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “நீ இதை நேர்முகத்துல சொல்லாதே. சொன்னா என்னால உனக்காகப் பேச முடியாது. வேலை கிடைக்கட்டும், நானும் போய்ச் சேர்ந்துடறேன், அப்புறம் தாராளமா எழுது.”

நல்ல மனுஷர். தன் சாவுக்குப் பிறகு உண்மை பேசிக்கொள்ள அனுமதி கொடுக்கிற அளவுக்கு நல்லவர். அவளும் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் நேர்முகத்துக்குப் போனாள்.

கெடுத்தவர் இருமெய்யார். தற்சமயம் என்ன ஆய்வு செய்கிறீர்கள் என்று, பொழுது போகாமல் கேட்பதுபோல் கேட்டார். ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். ஆனால் வருஷக்கணக்கில் அவளைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர். வாய் தானாகத் திறந்துகொண்டது. மருமகள்கள், தறி, கடைசிப் பத்தி எல்லாவற்றையும் சொன்னாள். மும்மெய்யார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இருமெய்யார் முகம் மலர்ந்துகொண்டே வந்தது, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மூன்று ஒழிந்தது என்று அவருக்குக் குஷி. அதோடு அவள் நிறுத்தியிருக்க வேண்டும். “அதே காரணத்தால இரண்டும் இல்லை சார்” என்றாள்.

இருமெய்யார் நாற்காலியைப் பழைய இடத்துக்கே நகர்த்திக்கொண்டார். அன்றைக்குத்தான் முதல்முறையாக இரு பேராசிரியர்களும் ஒரே மின்தூக்கியில் இறங்கினார்கள்.

மறுநாள் இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். பாம்பும் சாகக் கூடாது, தடியும் ஒடியக் கூடாது என்பதையே நிர்வாகக் கலையாகப் பழகியவர் அவர். உங்கள் திறமையைக் குழு மதிக்கிறது என்று தொடங்கினார். ஆனால் வேலை கொடுக்க அகராதியில் உங்கள் பங்களிப்பு என்று ஒன்று இருக்க வேண்டும், நீங்களோ எதையும் சேர்க்காமல் கழிக்கப் பார்க்கிறீர்கள், கழித்தலைப் பங்களிப்பாகக் காட்ட விதியில் இடமில்லை என்றார்.

“அவர் மூணுங்கறார், இவர் ரெண்டுங்கறார், நீங்க ஒண்ணுங்கறீங்க. சராசரி எடுத்தா ரெண்டு வருது. அப்படிப் போட்டா இவர் ஜெயிச்ச மாதிரி ஆயிடும். அதனால குழுவில பேசி ரெண்டரைன்னு முடிவு பண்ணியிருக்கோம்.”

“ரெண்டரை மெய்யா சார்?”

“ப், ட், அப்புறம் சத்தமில்லாத ஒரு அரை ர. மூச்சு மட்டும் வரும். அந்த அரை ர உங்க பேர்ல இருக்கும் மேடம். நெசவுச் சொல் எல்லாம் அதுல போட்டுடலாம். நட்சத்திரம்தான் போடறோமே, யார் என்ன கேக்கப் போறாங்க?”

அவள் சிரித்துவிட்டாள். இயக்குநர் சிரிக்கவில்லை. ஒரு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

கணவர் முழுவதையும் கேட்டுவிட்டு, உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய் என்றார். உலகத்தில் இதைவிட உபயோகமில்லாத வாக்கியம் இல்லை, கணவன்மார்கள் எல்லோரும் அதை எங்கேதான் கற்றுக்கொள்கிறார்களோ. மாமியார் துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்த பாஷை பேசினவங்க யாராவது உயிரோட இருக்காங்களா?” என்று கேட்டார்.

“இல்லை அத்தை. செத்து ஆயிரக்கணக்கான வருஷம் ஆச்சு.”

“அப்ப அவங்க வாயில அரை எழுத்தைக் கூட வெச்சா யாருக்கு வலிக்கும்? கையெழுத்துப் போட்டுட்டு வா.”

நியாயமான கேள்வி. பதில் தெரிந்திருந்தால் அவள் போட்டிருக்கமாட்டாள். உண்மையைச் சொல்லியாயிற்று, கேட்க வேண்டியவர்கள் காதில் விழுந்தாயிற்று, இனி அவர்கள் பாடு என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். மனத்தின் ஓர் ஓரத்தில், மூலமொழிக்குத் தன் பங்காக ஒரு துண்டு இருக்கட்டுமே என்கிற ஆசையும் இல்லாமலில்லை. போய்க் கையெழுத்துப் போட்டாள். ஆணை வந்தது. மாமியார் அந்த மாதமே ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து, சாப்பாடு சுமார் என்று மிகுந்த திருப்தியோடு சொன்னார்.

அகராதியோடு ஒலிப்பதிவும் வெளியிட வேண்டும் என்று நிதி கொடுத்தவர்கள் ஆசைப்பட்டார்கள். அரை ரகரத்தை எப்படிச் சொல்வது என்று அதன் சொந்தக்காரிக்குத்தான் தெரியும் என்று அவளையே ஒலிப்பதிவு அறையில் உட்கார வைத்தார்கள். கணவர் சொல்லிக்கொடுத்தபடி நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் வைத்து, மூச்சை மட்டும் விட்டாள். ‘ப்ட்’ என்று வெடித்து, ஒரு சின்னக் காற்று, அப்புறம் ‘ஆவ்’. நெசவு நாடாவுக்கு மூதாதையர் சொன்ன சொல். சொல்லச் சொல்ல அழகாக வந்தது. கூசவில்லை என்பதுதான் கூச வேண்டிய விஷயம்.

அகராதி வந்தது, பாராட்டுக் கூட்டம் நடந்தது, அன்றைக்கு ஒரே மேஜையில் வைத்த இரண்டு கெட்டில்களும் திரும்பத் தங்கள் தங்கள் இடத்துக்குப் போயின. பிறகு யாரோ ஒரு நல்லெண்ணக் குழு, மலைப் பள்ளிக்கூடங்களுக்குத் தாய்மொழிப் பாடநூல் ஒன்று தயாரித்தது. எங்கிருந்து சொற்களை எடுப்பது? அகராதி இருக்கவே இருக்கிறது, உச்சரிப்புக்கு அதன் ஒலிப்பதிவும் இருக்கிறது. பக்கம் வடிவமைத்தவர் சொற்களின் தலையில் நட்சத்திரம் இருப்பதைப் பார்த்தார். அடிக்குறிப்பு இருக்கும் என்று பக்கத்தின் அடியில் தேடினார். இல்லை. ஆகவே சுத்தமாக இருக்கட்டும் என்று எல்லா நட்சத்திரங்களையும் நீக்கிவிட்டார். வேலையில் கவனமான மனிதர். குற்றம் சொல்ல இடமில்லை.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. இரண்டு வருஷம் கழித்து மறுபதிப்புக்காகப் புதிய ஒலிப்பதிவுகள் வேண்டியிருந்தன. மேல்பள்ளத்தாக்குக்குப் போனாள். பழையபடி அதே வீட்டில்தான் தங்கினாள். அந்த வீட்டு மருமகளை இவளால் மறக்கவே முடியாது. முதல் தடவை வந்தபோது, மூக்குக்கு என்ன சொல்வீர்கள், தண்ணீருக்கு என்ன சொல்வீர்கள் என்று இவள் கேட்கக் கேட்க, இவ்வளவு படித்தவளுக்கு மூக்குக்குக்கூடப் பெயர் தெரியவில்லையே என்று தறியைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள். புகுந்த வீட்டார் தன் பேச்சைக் கேலி செய்வதையெல்லாம் அப்படியே பேசிக் காட்டிச் சிரிப்பாள். இவள் அவளுக்குச் சிரிப்புக்காரி என்றே பெயர் வைத்திருந்தாள்.

சிரிப்புக்காரி தறியில்தான் உட்கார்ந்திருந்தாள். இவள் ஒலிப்பதிவு இயந்திரத்தை முடுக்கிவிட்டு, அவள் கையிலிருந்த நாடாவைக் காட்டி, இதற்கு என்ன சொல்வீர்கள் என்று பழையபடி கேட்டாள். சிரிப்புக்காரி சிரிக்கவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நான் சொன்னா தப்பா வரும். இருங்க, என் பொண்ணு சொல்லுவா. ஸ்கூல்ல சரியாச் சொல்லிக் குடுத்திருக்காங்க.”

உள்ளேயிருந்து ஒரு சிறுமி வந்து கைகட்டி நின்றாள். ‘ப்ட்’ என்று வெடித்து, ஒரு சின்னக் காற்று, அப்புறம் ‘ஆவ்’. மூச்சு மட்டும் வருகிற அந்த அரை ரகரம் பிசகே இல்லாமல் வந்தது. அது இவளுடைய குரல். ஒலிப்பதிவில் இவள் லேசாக மூக்கை உறிஞ்சியிருந்தாள் போலிருக்கிறது, அதையும் சேர்த்துச் சொன்னாள் குழந்தை. கேலி செய்த புகுந்த வீட்டார்கூட இப்போது அப்படிச் சொல்லத் தொடங்கியிருப்பதாகச் சிரிப்புக்காரி பெருமையோடு சொன்னாள். இந்தப் பதிவை மட்டும் ஊருக்கு எடுத்துக்கொண்டு போனால் தேர்வுக் குழுவின் மூன்று அறைகளிலும் கொண்டாடுவார்கள் என்பது இவளுக்குத் தெரிந்தது. அரை ரகரத்துக்கு உயிருள்ள சாட்சி கிடைத்துவிட்டது. இவளுக்கு அவமானத்தில் காது சுட்டது.

“நீங்க என்ன சொல்லுவீங்களோ அதைச் சொல்லுங்க” என்றாள்.

“வேண்டாங்க.”

“எனக்காக ஒரு தடவை.”

சிரிப்புக்காரி மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திருட்டுப்பொருளைக் காட்டுகிறவள்போல், மெதுவாக “ப்ராவ்” என்றாள்.

“அதுதான் சரி. உங்க அம்மா சொன்னது, அவங்க அம்மா சொன்னது எல்லாம் அதுதானே. புஸ்தகத்துல இருக்கறது நாங்களா எழுதிக்கிட்டது. அந்த எழுத்து எங்கேயும் இருந்ததே இல்லை. நான்தான் அதுக்குக் கையெழுத்துப் போட்டேன்.”

சிரிப்புக்காரி இவளைப் பரிவோடு பார்த்தாள். பெரிய படிப்புப் படித்தவர்கள் வந்து தங்கும் வீட்டில் மனம் நோகாமல் பேசத் தெரிந்தவர்கள், அதற்காக எதையும் சொல்வார்கள் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

“நீங்க நல்லவங்க, அப்படித்தான் சொல்லுவீங்க” என்றாள்.

பிறகு தறிப்பக்கம் திரும்பி நாடாவை ஓட்டினாள். ஓட்டிக்கொண்டே, யாருக்கும் கேட்காது என்ற நினைப்பில், மகள் சொன்னபடி அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. நாக்கைத் திருத்தி வைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னாள்.